கால் நூல் ஆட்டம்

திங்கள்

ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கான பனியன். வெள்ளைத் துணி, நெஞ்சில் புலி முகம், நாலு நிறம். கறுப்புக் கோட்டுக்குள் ஆரஞ்சு அடங்கி உட்கார வேண்டும். இன்று காலை இறங்கிய பீஸ்களில் முப்பதுக்கு மேல் ஆரஞ்சு வலப்பக்கக் கோட்டைத் தாண்டியிருந்தது. இடப்பக்கம் துணியின் வெள்ளை மெல்லிய பிறையாய்த் தெரிந்தது.

மூணாவது தலையில் நின்றது ஒடிசாவிலிருந்து வந்த தம்பி. சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வழக்கமாய் அங்கே நின்று அச்சடிக்கும் மாஸ்டரண்ணனுக்குத் தோள்வலி, இரண்டு நாள் லீவு. நான் பீஸை விரித்துப் பிடித்துக்கொண்டு, "கண்ணு எங்க இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பீஸை என் கையிலிருந்து வாங்கி, புலி முகம் உள்ளே போகும்படி மடித்து, கழிவுக் கூடையில் வைத்தான். போடவில்லை, வைத்தான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மெஷின் முன்னால் போய் நின்றேன். மேலே ஆறு கை, கீழே நாலு கை, நடுவில் ஒரு தண்டு. சின்ன வயதில் இதைப் பார்க்கும்போது மாரியம்மன் நோம்பிக்கு வரும் குடை ராட்டினம்தான் ஞாபகம் வரும். மேல் கைகளில் ஸ்கிரீன், ஒவ்வொன்றையும் தலை என்போம். கீழ்க் கைகளில் பனியனை மாட்டும் பலகை. ஒவ்வொரு பலகையின் கையிலும் இரண்டு பேரிங்குகள் நிலைக்கால் மாதிரி நிற்கும். அதை நாங்கள் வாசல் என்போம். மேலிருந்து இறங்கும் தலையில் ஓர் இரும்பு நாக்கு. நாக்கு வாசலுக்குள் இறங்கினால் ஸ்கிரீன் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு நிறமும் ஒரே இடத்தில் விழுவதற்கு இந்த மெஷினில் உள்ள ஏற்பாடு அவ்வளவுதான்.

மூணாவது தலையை இறக்கி, பக்கவாட்டில் லேசாக அசைத்தேன். டக். மறுபக்கம் அசைத்தேன். டக். அப்பா இருந்த காலத்தில் இந்தச் சத்தம் இல்லை. இருந்திருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

ஃபீலர் கேஜை நாக்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் விட்டுப் பார்த்தேன். 0.8 மில்லி. பட்டறைக் கணக்கில் கால் நூல். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், அதில் கால். இந்தியா மீட்டருக்கு மாறும் சட்டம் போட்டது 1956-இல். திருப்பூரில் போல்ட் வாங்கப் போனால் இன்றைக்கும் நூல்தான். பனியன் ஊரில் நூல் என்ற சொல்லுக்கு வேலை அதிகம்.

அந்தத் தம்பி மேல் தப்பில்லை. இறக்கும்போது நாக்கு இடது காலைத் தொட்டு நின்றால் ஒரு மாதிரி, வலது காலைத் தொட்டு நின்றால் வேறு மாதிரி. ஒரே ஆள், ஒரே கவனம், இரண்டு விதமான அச்சு. எனக்கு விளங்காதது வேறொன்று. மாஸ்டரண்ணன் இதே தலையில் நேற்று முன்தினம் வரை நூற்றுக்கணக்கில் அடித்தார், ஒன்றுகூட அவுட் ஆகவில்லையே.

செவ்வாய்

இந்த மெஷினுக்குப் பாகம் கேட்டு எங்கே போவது? செய்தவர்கள் யாரென்றே தெரியவில்லை. பெயர்ப் பலகையில் எழுத்து தேய்ந்து, மூலையில் ஒரு ஆணி மட்டும் இருக்கிறது. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று சாம்பிள் அறையைக் காலி செய்தபோது அப்பா பழைய விலைக்கு எடுத்து வந்தது. போல்ட்டெல்லாம் அங்குல அளவு, ஆகவே அமெரிக்காவில் பிறந்ததாக இருக்கலாம் என்பார்.

கடைக்காரரிடம் பாகத்தின் பெயரைச் சொன்னால் தலையாட்டிவிட்டு இல்லை என்பார். அளவைச் சொன்னால் எழுந்து உள்ளே போவார். இதைப் போன ஆடியில் ஸ்பிரிங் கற்றுக்கொடுத்தது.

தலையை மேலே தூக்கிப் பிடிப்பது இரண்டு இழுவை ஸ்பிரிங்குகள். அன்றைக்கு அதில் ஒன்று கொக்கி வளைவில் முறிந்தது. இந்த வகை ஸ்பிரிங் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் போகும். சுருள் முழுக்க நன்றாக இருக்கும், கொக்கி திரும்புகிற முழங்கையில் விரிசல் விழும். ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் உடைந்ததைக் கொடுத்து, "இதே மாதிரி" என்றேன். அன்றைக்கு அவர்களிடம் 11 கேஜ் கம்பி இல்லை. 10 கேஜில் சுற்றித் தந்தார்கள். 2.95 மில்லிக்குப் பதில் 3.25 மில்லி. விரலில் உருட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நானும் சரி என்று வாங்கி வந்தேன்.

மாட்டிய அன்று சாயங்காலமே மாஸ்டரண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டார். தலை இறங்க மறுக்கிறது, விட்டால் அடித்துக்கொண்டு ஏறுகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நாலாவது அடுக்கில் ஏறும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சுருளின் விட்டமும் சுற்றின் எண்ணிக்கையும் மாறாமல் இருக்க, கம்பி ஒரு கேஜ் கூடியதற்கே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நாலு நிறத்தில் 200 பீஸ் என்றால் 800 முறை தலையை இழுத்து இறக்க வேண்டும். அத்தனை முறையும் அந்த 0.3 மில்லியை அவர் தோள் இழுத்தது. நான் மறுபடி போய் 11 கேஜ் வரும்வரை காத்திருந்து, இரண்டையும் ஜோடியாகச் சுற்றி வாங்கினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் தலை கோணலாக ஏறும். ஆனாலும் அந்த ஒன்பது நாள் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இன்றைய தோள்வலி அன்றைக்குத் தொடங்கியதோ என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் கேட்கத் தைரியம் இல்லை.

மற்ற பாகங்களுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. மை இழுக்கும் ரப்பரை இங்கே எந்த ஸ்கிரீன் சாமான் கடையிலும் நீளத்துக்கு வெட்டிக் கொடுப்பார்கள். 70 ஷோர் என்று கடினத்தைச் சொன்னால் போதும். ஸ்கிரீன் பிடிக்கும் கிளாம்பின் பிடித்திருகு பழுதானால் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பொருந்தும். பலகைகளை அப்பாவே பிளைவுட்டில் அறுத்து, மேலே லேமினேட் ஒட்டிவிட்டார். வாசலும் நாக்கும்தான் மிச்சம்.

புதன்

வாசல்களைக் கழற்றினேன். நாலு பலகை, எட்டு பேரிங். மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாய்த் துணி மேல் வைத்து, வெர்னியரில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன்.

பேரிங்கின் விளிம்பில் பொடி எழுத்தில் எண் இருக்கும். உலகத்தில் எந்த ஊரில் செய்தாலும் அந்த எண்ணுக்கு அளவு ஒன்றுதான். 6204 என்றால் துளை 20 மில்லி, 6205 என்றால் 25. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை வந்துவிடும். சின்னவற்றுக்கு இந்தக் கணக்கு வராது. என்னிடம் இருந்தவற்றில் ஏழு 608. துளை 8 மில்லி, வெளிவிட்டம் 22, அகலம் 7. குழந்தைகளின் ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் இருப்பதும் இதே 608தான்.

எட்டாவது வேறு. துருவைத் தேய்த்ததும் ஆர்6 என்று தெரிந்தது. அது அங்குலத்துப் பேரிங். துளை மூன்று நூல், அதாவது 9.525 மில்லி. வெளிவிட்டம் ஏழு நூல், 22.225. இந்த மெஷின் பிறந்தபோது எட்டும் ஆர்6 ஆகத்தான் இருந்திருக்கும்.

பிறகு பேரிங்குகள் உட்காரும் பின்களைப் பார்த்தேன். ஏழு பின்களில் கடைசல் வரி தெரிந்தது. மூன்று நூல் பின்னை 8 மில்லிக்குக் குறைத்திருக்கிறார்கள். எட்டாவது பின் மட்டும் கன்னி கழியாமல் வழவழப்பாக இருந்தது.

அப்பாதான். ஒவ்வொரு பேரிங்காய்ப் போகப்போக, அங்குலத்தில் கிடைக்காமல், 608 வாங்கி, பின்னைக் கடைந்து மாட்டியிருக்கிறார். ஒரே நாளில் செய்த வேலை இல்லை. கடைசல் வரிகளே ஒன்று சன்னம், ஒன்று கரடு. ஏழு வேறு வேறு நாட்கள். அன்றைக்கு ஆர்டர் நின்றிருக்கும், யாரோ போனில் நெருக்கியிருப்பார்கள், அவர் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருப்பார். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருடைய நோட்டில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று இருக்கிறது, இது இல்லை. அவர் போய் மூன்று வருடத்துக்குப் பிறகு, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாசலில் இரண்டு பேரிங்கும் கால் மில்லிக்குச் சற்றுக் குறைவாகச் சிறுத்தால், நடு இடைவெளி அந்த அளவு அகலும். 0.225 அங்கே போயிற்று. மீதி நாக்கின் தேய்மானம். அப்பா நிரப்பும் நிறத்தை எப்போதும் மூணாவது தலையில்தான் போடுவார், அதனால் மற்றவற்றைவிட அதன் நாக்கு அதிகம் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறது.

இன்னொன்றும் விளங்கியது. "நாலாம் பலகை மட்டும் கொஞ்சம் தேவலை, பாப்பா" என்று மாஸ்டரண்ணன் எப்போதோ சொன்னார். நான் அதை மர வேலைப்பாடு என்று நினைத்தேன். ஆர்6 நின்றது நாலாம் பலகையின் வாசலில். இரண்டு கால்களில் ஒன்று மட்டும் பழைய பருமன், இடைவெளி 0.11 மில்லி குறைவு. அவருக்குத் தலைமுடியின் கனத்தை ஒட்டிய ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

இந்த மாதிரி மெஷினுக்கு மைக்கேல் வாசிலண்டோன் என்ற அமெரிக்கர் 1967-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969-இல் வாங்கினார். அதற்கு முன்பும் துணியில் பல நிறம் அச்சிட்டார்கள். திருப்பூரில் நீள மேஜையில் வரிசையாய்ப் பீஸ்களை ஒட்டிவைத்து, ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு ஆள் நடப்பார், இன்னும் நடக்கிறார்கள். இந்த மெஷினில் நடப்பது துணி, ஆள் நிற்கிறார். அவ்வளவு தூரம் நடையை மிச்சம் பிடித்து, அதன் பாரம் முழுவதையும் இந்த இரண்டு நிலைக்கால்கள் மேல் ஏற்றிவிட்டார்கள்.

வெள்ளி

கோயம்புத்தூர். பேரிங் கடையில் ஆர்6 கேட்டேன். கடைக்காரர் மேல் தட்டில் தேடி ஒரு ஜோடி எடுத்தார், டப்பாவின் அட்டை பழுத்திருந்தது. எட்டு வேண்டுமென்றால் ஆர்டர் போட வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். அந்த ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பழையபடியே ஆக்கிவிடலாம் என்ற ஆசை பெரிய ஆசை.

கணபதியில் அப்பாவுக்குப் பழக்கமான கடைசல் பட்டறை. பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். மில்லில் வேலை பார்த்து, பிறகு சொந்த லேத்து போட்டவர். நூற்பாலைகளில் இங்கிலாந்து மெஷின்கள் ஓடிய காலத்தில் தொழில் பழகியதால் அங்குலம் அவருக்குத் தாய்மொழி மாதிரி.

நாக்கையும் பேரிங்குகளையும் மேஜையில் பரப்பினேன். அவர் பேரிங்கைத் தொடவில்லை. நாக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அம்மணி, இதுல எது தேயோணும், எது தேயக்கூடாது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேயவே கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"ரெண்டு இரும்பு உரசுனா ஒண்ணு தேயத்தான் செய்யும். எது கடையில கிடைக்குமோ அதைத் தேய உடோணும். உங்கொப்பன் வாசலை மாத்திப்போட்டாரு, நாக்கை மாத்தல. அந்த வேலை பாதியில நிக்குது."

608 எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஆகவே எட்டாவது பின்னையும் கடைந்து, எல்லா வாசலையும் 608 ஆக்கிவிடுவது. பிறகு அந்த வாசலின் அளவுக்கு ஆறு தலைக்கும் புது நாக்கு. ஈஎன் 31 இரும்பில் செய்து, காய்ச்சிக் கடினமாக்கி, கிரைண்டிங் பிடிப்பது. பேரிங் செய்யும் இரும்பும் அதுவும் ஒரே குடும்பம் என்றார். நாக்கின் நுனியை ஆப்பு மாதிரிக் கொஞ்சம் சரித்து, மேலே போகப்போக வாசலை நிறைக்கும்படி வரைந்தார். சாக்பீஸில், மேஜை மேலேயே.

"கால் நூலுங்களா ஆட்டம்? ஒரு மயிரிழை போதும்" என்று சொல்லிக்கொண்டே 0.05 என்று பக்கத்தில் எழுதினார்.

நாக்கைத் தலையோடு பிடித்த போல்ட்டுகளில் இரண்டுக்கு நெட்டு இல்லை. நான் வரும் வழியில் 8 மில்லி நெட்டு வாங்கி வந்திருந்தேன். போல்ட் இரண்டரை நூல், 7.94 மில்லி. எட்டுக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். போட்டுத் திருகினால் ஒரு சுற்று வழுக்கிக்கொண்டு போகும், இரண்டாவது சுற்றில் கையில் ஒரு எதிர்ப்பு தெரியும், அதற்கு மேல் ஸ்பேனர் கேட்கும். ஸ்பேனர் போட்டால் மரை செத்துவிடும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி அங்கே 1.41 மில்லி, இங்கே 1.25. முதல் சுற்றில் யாருக்கும் தெரியாது.

பெரியவர் என் நெட்டை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே மில்லிலிருந்து வந்த விட்வொர்த் நெட்டுகள். ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்தில் வகுத்த மரை. பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் வைத்தது 60 பாகை. ஆனால் இரண்டரை நூலில் இரண்டுமே அங்குலத்துக்கு 18 மரை. அந்த நெட்டு போல்ட்டின் கடைசி வரை விரலாலேயே ஓடியது. துணி மெஷினுக்கு நூல் மெஷினின் நெட்டு.

காசு கேட்டேன். "உங்கொப்பன் இருந்தா டீ வாங்கித் தருவாரு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வியாழன்

நாக்குகள் வந்தன. கடினமாக்கிய இரும்புக்கு ஒரு சாம்பல் நிறம், கிரைண்டிங் பிடித்த பக்கங்களில் மட்டும் நீர் மாதிரி மினுமினுப்பு. ஒவ்வொன்றின் முதுகிலும் பெரியவர் 1 முதல் 6 வரை உளியால் குத்தியிருந்தார்.

இறக்கிப் பார்த்தேன். டக் இல்லை. ஒரு அமுங்கிய ஒலி, பழைய மரப்பெட்டியின் மூடி சரியாய் உட்காரும்போது வருமே, அது.

ஸ்கிரீன்களைப் புதிதாய்ப் பொருத்தி, ஒடிசாத் தம்பியைக் கூப்பிட்டேன். அவனே முதலில் அடிக்கட்டும் என்று தோன்றியது. அடித்தான். இருபது பீஸ். ஆரஞ்சு கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தது, இருபதிலும். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்டதால் இன்றைக்கும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "தம்பி, அன்னிக்குத் தப்பு மெஷின் மேல. தெரியாம உன்னத் திட்டிட்டேன்." அவன், "பரவாயில்ல அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனைப் பலகையில் இழுத்து மாட்டினான். கழிவுக் கூடையில் அவன் மடித்து வைத்த புலி இன்னும் இருந்தது.

பதினொரு மணிக்கு மாஸ்டரண்ணன் நின்றார். முதல் பீஸிலேயே வலப்பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று. மிகச் சன்னம், ஆனால் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. எல்லாவற்றிலும்.

நான் பக்கவாட்டில் போய் நின்று அவர் கைகளை மட்டும் கவனித்தேன். வலது கை பிடியைப் பற்றித் தலையை இறக்குகிறது. இறங்கும் கடைசி நொடியில் இடது உள்ளங்கை ஸ்கிரீன் சட்டத்தின் ஓரத்தைத் தொட்டு, இடப்பக்கமாய் ஒரு இழை இழுக்கிறது. பிறகுதான் இரண்டு கையும் மை ரப்பருக்குப் போகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். அந்தத் தொடுகை ஒரு கணம்கூட இல்லை.

"அண்ணா, இடது கையில என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே."

அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் நாக்கை இடது நிலைக்காலில் ஒட்டவைத்துவிட்டே இத்தனை வருடம் அடித்திருக்கிறார். கால் நூல் ஆட்டம் அவர் கையில் தீர்ந்துபோயிருந்தது. அதனால்தான் ஒரு பீஸும் அவுட் ஆகவில்லை, அதனால்தான் எங்கள் யாருக்கும் மெஷின் தேய்வது தெரியவில்லை. இப்போது வாசலில் இடமில்லை. அவர் இழுக்கிற இழுப்புக்கு மேல் கையின் இரும்பு லேசாய் வளைந்து கொடுக்கிறது.

தோளில் வலி எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது, என்றார்.

சனி

மாஸ்டரண்ணன் மூணாவது தலையில் நிற்கிறார். தலையை இறக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொள்கிறார். இறங்கிய பிறகு அதை முன்னால் கொண்டுவந்து ரப்பரில் வைக்கிறார். மெதுவாகத்தான் போகிறது. ஒடிசாத் தம்பி எதிர்ப் பலகையில் பனியன் மாட்டிக்கொண்டே, அவர் கை முன்னால் வரும்வரை காத்திருந்து, பிறகு ராட்டினத்தைச் சுற்றிவிடுகிறான்.